கோடு பொருந்திவிட்டது, அதனால் என்ன?

மின்கலங்களின் கணித மாதிரிகளைப் பற்றிய ஆய்வேடுகளைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வரைபடம் மனப்பாடமாகியிருக்கும். கிடை அச்சில் காலம், நெடுக்கை அச்சில் மின்னழுத்தம். சோதனையில் அளந்தவை புள்ளிகளாகவும் மாதிரி கணித்தது கோடாகவும் வரையப்பட்டிருக்கும். கோடு புள்ளிகளின்மீது அழகாகப் படிந்து செல்லும். அதன் கீழே, மாதிரி சோதனைத் தரவுகளைக் கொண்டு சரிபார்க்கப்பட்டது என்று ஒற்றை வாக்கியம் இருக்கும். அதற்கு அப்பால் ஆய்வேட்டின் தொனியே மாறிவிடும். மின்முனையின் ஆழத்தில் எவ்விடத்தில் வினை மிகுதியாக நடக்கிறது, துகளின் மேற்பரப்பில் லித்தியத்தின் செறிவு எவ்வளவு, ஐந்நூறு சுழற்சிகளுக்குப் பிறகு எவ்வளவு கொள்ளளவு எஞ்சும் என்பனவெல்லாம் கண்ணால் கண்டவை போல எழுதப்படும்.

அந்த ஒற்றை வாக்கியத்தோடுதான் எனக்கு வழக்கு. மின்னழுத்தக் கோடு பொருந்துவது, மாதிரி சரியாக இருப்பதற்குத் தேவையான நிபந்தனை. போதுமான நிபந்தனை அன்று. கணிதம் படித்த எவருக்கும் இவ்வேறுபாடு முதலாண்டிலேயே சொல்லித்தரப்படுகிறது. ஆயினும் நம் ஆய்வேடுகளும், அவற்றை மதிப்பிடும் குழுக்களும், அவற்றை நம்பி முடிவெடுக்கத் தொடங்கியிருக்கும் தொழிற்கூடங்களும் இரண்டையும் ஒன்றாகவே நடத்துகின்றன. மராட்டியத்தில் ஓர் ஆய்வகத்தில் இதே மாதிரிகளோடு நாள்தோறும் மல்லுக்கட்டும் ஆய்வு மாணவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பதிவு நீளமானது. சமன்பாடுகளைத் தவிர்த்திருக்கிறேன், கணக்கைத் தவிர்க்கவில்லை. மாணவர்கள் தாளும் பேனாவும் எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

மின்முனை என்றதும், பள்ளி ஆய்வகத்தில் அமிலக் கரைசலில் மூழ்கி நிற்கும் உலோகத் தகடு நினைவுக்கு வரும். லித்தியம் அயனி மின்கலத்தின் மின்முனை அப்படிப்பட்டதன்று. கிராஃபைட் துகள்களைப் பிணைப்பியுடன் குழைத்துத் தாமிரத் தகட்டின்மீது பூசி, உலர்த்தி, உருளைகளுக்கு இடையே அழுத்தி எடுத்த மெல்லிய படலம் அது. தடிமன் 75 மைக்ரோமீட்டர் என்று கொள்வோம். ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிமன். துகள்களுக்கு இடையிலுள்ள இண்டு இடுக்குகளில் மின்பகுளி நிறைந்திருக்கும். துகளின் ஆரம் 5 மைக்ரோமீட்டர், படலத்தின் கனஅளவில் துகள்களின் பங்கு 60 விழுக்காடு என்றால், ஒரு கன மீட்டர் மின்முனைக்குள் 3,60,000 சதுர மீட்டர் மேற்பரப்பு அடங்கும். வேறு விதமாகச் சொன்னால், ஒரு சதுர சென்டிமீட்டர் தகட்டின் மேலுள்ள பூச்சுக்குள் 27 சதுர சென்டிமீட்டர் வினைப்பரப்பு ஒளிந்திருக்கிறது. நுண்துளை மின்முனையின் பயன் அதுதான். அதன் சிக்கலும் அதுதான். இந்த 27 சதுர சென்டிமீட்டரும் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை.

மின்னூட்டம் செய்யும்போது அயனிகள் பிரிப்பானின் பக்கமிருந்து மின்பகுளி வழியாக வருகின்றன. எலக்ட்ரான்கள் எதிர்ப்பக்கத்தில் உள்ள தாமிரத் தகட்டிலிருந்து துகள்கள் வழியாக வருகின்றன. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் வினை. திருவிழாக் கடைத்தெருவில் கூட்டம் ஒரு முனையில் நுழைகிறது, சரக்கு மறுமுனையிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடையில் வியாபாரம் சூடு பிடிக்கும் என்பது, எந்தப் பக்கத்தில் நெரிசல் மிகுதி என்பதைப் பொறுத்தது. கிராஃபைட்டில் எலக்ட்ரான் எளிதாக ஓடிவிடும், அயனிக்குத்தான் நெரிசல். ஆகவே வேகமாக மின்னூட்டும்போது பிரிப்பானை ஒட்டிய துகள்கள் அடித்துப்பிடித்து நிரம்புகின்றன. ஆழத்தில் உள்ளவை காத்திருக்கின்றன. இந்தப் பகிர்வை 1962-இல் பெர்க்லியில் ஜான் நியூமனும் சார்லஸ் டோபியாசும் கணிதமாக்கினார்கள். ஒவ்வொரு துளையின் வடிவத்தையும் பின்தொடர்வது ஆகாத காரியம். எனவே ஒவ்வொரு புள்ளியிலும் திண்மமும் திரவமும் ஒருசேர இருப்பதாகப் பாவித்து, இரண்டையும் சராசரிப்படுத்திய ஊடகங்களாகக் கையாண்டார்கள். எளிமையான தந்திரம்தான். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் அனைவரும் அதன் நிழலில்தான் நிற்கிறோம்.

1975-இல் நியூமனும் டீடமனும் இக்கோட்பாட்டை மின்கலங்களுக்கு விரித்து எழுதினர். 1993-இல் டாயில், ஃபுல்லர், நியூமன் மூவரும் லித்தியம் மின்கலத்திற்கான முழு மாதிரியை வெளியிட்டனர். சோனி நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்து அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. முதல் கட்டுரை எடுத்துக்கொண்டது டைட்டானியம் டைசல்ஃபைடு மின்முனையை. அடுத்த ஆண்டே, இருபுறமும் அயனியை உள்வாங்கும் மின்முனைகள் கொண்ட கலத்திற்கு அதை நீட்டினார்கள். மின்முனையின் தடிமன் ஒரு பரிமாணம். ஒவ்வொரு புள்ளியிலும் உட்கார்ந்திருக்கும் கோளத் துகளின் ஆரம் மற்றொரு பரிமாணம். அதனால் இதைப் போலி இருபரிமாண மாதிரி என்பார்கள். திரவத்திலும் திண்மத்திலும் நிறை, மின்னூட்டம் ஆகியவற்றின் அழியாமை விதிகள் வகைக்கெழுச் சமன்பாடுகளாக நிற்க, அவற்றை முடிச்சுப்போடுவது பட்லர்–வோல்மர் வினைவேகச் சமன்பாடு. ஒரு காலத்தில் ஃபோர்ட்ரான் நிரலோடு போராடியவர்கள் தீர்த்த இந்தக் கணக்கை இன்று பைபேம் என்னும் திறந்தமூல நிரல்தொகுதி சாதாரண மடிக்கணினியில் சில நொடிகளில் தீர்த்துத் தருகிறது.

மாதிரியின்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. இவ்வளவு சில கருதுகோள்களிலிருந்து இவ்வளவு தூரம் வந்த கோட்பாடுகள் பொறியியலில் அரிது. குறை, அதற்குள் நாம் இடும் எண்களில் இருக்கிறது. இரு மின்முனைகளின் தடிமன், நுண்துளைமை, துகள் ஆரம், திண்மத்தின் விரவல் குணகம், வினைவேக மாறிலி, சமநிலை மின்னழுத்தச் சார்பு. பிறகு மின்பகுளியின் கடத்துதிறன், விரவல் குணகம், அயனிப் பெயர்ச்சி எண். எல்லாம் சேர்த்தால் முப்பதை எளிதில் தாண்டும். இவற்றில் பல, வெப்பநிலையையும் செறிவையும் பொறுத்து மாறுபவை. இவ்வளவையும் உள்ளே இட்டுவிட்டு, வெளியே வரும் ஒரே ஒரு மின்னழுத்தக் கோட்டைப் பார்த்து, பொருந்தாதபோது சிலவற்றை அசைத்துப் பொருத்துகிறோம். முப்பது திருகுகள், ஒரே ஒரு முள்.

இதன் விளைவைக் காட்டத் துல்லியமான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மாதிரியில் கிராஃபைட் துகளின் ஆரத்தை 5-லிருந்து 10 மைக்ரோமீட்டராக இருமடங்கு ஆக்குங்கள். துகள்களின் மொத்தக் கனஅளவு மாறாதபடி வைத்தால், வினைப்பரப்பு பாதியாகிறது. ஆகவே அதே மின்னோட்டத்திற்கு ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் இருமடங்கு வேலை செய்தாக வேண்டும். இப்போது வினைவேக மாறிலியை இருமடங்கு ஆக்குங்கள். மிகை மின்னழுத்தம் பழைய நிலைக்கே திரும்பிவிடும். துகளுக்குள் லித்தியம் பரவ ஆகும் காலம், ஆரத்தின் வர்க்கத்தை விரவல் குணகத்தால் வகுத்தால் கிடைப்பது. குணகத்தை நான்கு மடங்கு ஆக்குங்கள். அதுவும் பழைய மதிப்புக்கே வந்துவிடும். ஆரம் 5, குணகம் நொடிக்கு 10⁻¹⁴ சதுர மீட்டர் என்றால் 2,500 நொடி. ஆரம் 10, குணகம் அதன் நான்கு மடங்கு என்றாலும் 2,500 நொடி. படலத் தடையையும் இரட்டை அடுக்கின் மின்தேக்கத்தையும் சேர்க்காத அடிப்படை மாதிரியில் இவ்விரு கலங்களின் மின்னழுத்தக் கோடுகளும் இம்மியும் பிசகாமல் ஒன்றே. எந்த மின்னோட்டத்திற்கும், எந்த ஓட்டச் சுழற்சிக்கும் ஒன்றே. இரண்டையும் பிரித்தறியக் கூடுதல் தரவுப் புள்ளிகள் உதவா. மேம்பட்ட உகப்பாக்க நிரலும் உதவாது. மின்கலத்தைத் திறந்து, துகளை நுண்ணோக்கியில் பார்த்தால் மட்டுமே தெரியும்.

கோடுகள் ஒன்றாக இருந்தால் எந்த மதிப்பாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மின்கலம் மூப்படையும் விதத்தைக் கணக்கிடப் போகும்போது விடை தெரியும். கிராஃபைட்டின் மேற்பரப்பில் மின்பகுளி மெல்லச் சிதைந்து ஒரு படலம் உருவாகிறது; அந்தப் பக்கவினை லித்தியத்தைத் தின்கிறது. எவ்வளவு தின்கிறது என்பது மேற்பரப்பின் அளவைப் பொறுத்தது. பக்கவினையின் வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே சொன்ன இரு மாதிரிகளையும் ஓட்டினால், ஆரம் இருமடங்கான கலத்தில் அதே காலத்தில் நேரும் லித்திய இழப்பு பாதி. முதல் நாள் மின்னழுத்தத்தில் இரட்டைப் பிறவிகளாக இருந்தவை, ஆயுளில் அண்ணனும் தம்பியுமாகக்கூட இல்லை. எட்டு ஆண்டு உத்தரவாதம் என்று விளம்பரங்கள் சொல்லும் காலத்தில், இந்த மடங்கு வேறுபாடு வெறும் கல்விப்புலச் சர்ச்சையன்று.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த குறைபாடும் அன்று. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பிசரே, ஹவி முதலியோர் 2019-இல் வெளியான கட்டுரையில், இன்னும் எளிதான ஒற்றைத் துகள் மாதிரியை எடுத்துக்கொண்டு, மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் மட்டும் வைத்து அதிகபட்சம் ஆறு அளபுருத் தொகுதிகளையே தீர்மானிக்க முடியும் என்று நிறுவினார்கள். தனித்தனி அளபுருக்கள் அல்ல. அவற்றின் பெருக்கங்களும் வகுத்தல்களுமான தொகுதிகள். அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டாத மாதிரியாக்க ஆய்வேடு இப்போது குறைவு. அதன்படி நடக்கும் ஆய்வேடும் குறைவு.

கடன் வாங்கிய எண்கள் இச்சிக்கலை இன்னும் மோசமாக்குகின்றன. விரவல் குணகத்தை அளக்கப் பெரிதும் பயன்படும் துடிப்பு முறை, 1977-இல் வெப்னரும் ஹக்கின்சும் முன்வைத்தது. மின்னோட்டத்தைச் சிறு துடிப்புகளாகச் செலுத்தி, மின்னழுத்தம் அடங்கும் விதத்திலிருந்து குணகத்தைக் கணிக்கிறார்கள். அந்தக் கணக்கிற்குள் துகளின் ஆரம் வர்க்கமாக உட்கார்ந்திருக்கிறது. அதாவது, ஒருவர் வெளியிடும் விரவல் குணகம், அவர் கொண்ட ஆரத்தோடு சேர்ந்தே பொருள்படும். நம்மில் பலர் செய்வது என்ன? குணகத்தை ஒரு கட்டுரையிலிருந்தும் ஆரத்தை வேறொரு கட்டுரையிலிருந்தும் எடுக்கிறோம். ஒரு வீட்டின் பூட்டுக்கு மற்றொரு வீட்டின் சாவி. திறக்கவில்லை என்றால் வினைவேக மாறிலியை அரம் போட்டுச் சரிசெய்கிறோம். கிராஃபைட்டில் லித்தியத்தின் விரவல் குணகம் என்று இலக்கியத்தில் கிடைக்கும் மதிப்புகள் பல பதின்மடங்கு வரம்பில் சிதறிக்கிடப்பதற்கு இது ஒரு காரணம். அவ்வளவு அகலமான வரம்பு இருக்கும்போது, எந்த மதிப்பைத் தேர்ந்தாலும் அதற்கு ஒரு மேற்கோள் கிடைத்துவிடும் என்பது வசதியான செய்தி. அறிவியலுக்கு நல்ல செய்தியன்று.

பிரகமனின் கதையும் அத்தகையதே. நுண்துளைகள் நேர்க்கோட்டில் செல்வதில்லை. அயனி வளைந்து நெளிந்து போக வேண்டும். ஆங்கிலத்தில் டார்ச்சுவாசிட்டி என்னும் இதற்குத் தமிழில் நிலைத்த சொல் இல்லை. சுற்றளவு என்றால் வேறு பொருள் வந்துவிடும்; சுற்றுவழி மடங்கு என்கிறேன், மேலான சொல் இருந்தால் சொல்லுங்கள். இதை அளக்காமல் நுண்துளைமையிலிருந்தே பெற எல்லோரும் பயன்படுத்துவது, டச்சு இயற்பியலாளர் பிரகமன் 1935-இல் தந்த சூத்திரம். அவர் ஆராய்ந்தது கலவைப் பொருள்களின் மின்கடவாப் பண்புகளை, மின்கலத்தை அல்ல. அந்தப் புகழ்பெற்ற 1.5 என்னும் அடுக்கு, கோளத் துகள்களுக்கு உரியது. கிராஃபைட்டோ செதில் செதிலானது. உருளையில் அழுத்தும்போது செதில்கள் தகட்டுக்கு இணையாகப் படுத்துவிடுகின்றன; அயனி ஒவ்வொரு செதிலையும் சுற்றிக்கொண்டு உள்ளே போக வேண்டும். நுண்துளைமை 0.3 என்றால், பிரகமன் கணக்கில் சுற்றுவழி மடங்கு 1.8; மின்பகுளியின் கடத்துதிறனில் 16 விழுக்காடு எஞ்சும். மின்மறுப்பு நிறமாலை கொண்டு அளந்தவர்கள் கிராஃபைட் மின்முனைகளுக்கு இதைவிடக் கணிசமாக உயர்ந்த மதிப்புகளைக் கண்டிருக்கிறார்கள். 4 என்று வைத்தால் எஞ்சுவது 7.5 விழுக்காடு. பாதிக்கும் கீழே.

மெதுவான மின்னிறக்கத்தில் இந்த வேறுபாடு கோட்டில் தெரியவே தெரியாது. ஆகவே அங்கே பொருத்திப் பார்த்து, சரிபார்த்தாயிற்று என்று எழுதிவிடலாம். அதே மாதிரியை வேக மின்னூட்டத்திற்குக் கொண்டுபோனால்தான் வினை. பிரிப்பானை ஒட்டிய கிராஃபைட்டின் மின்னழுத்தம் லித்திய உலோகத்தோடு ஒப்பிடுகையில் சுழியத்திற்குக் கீழே இறங்கினால், அயனி உள்ளே நுழையாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியத் தொடங்கும். இது ஆயுளைக் குறைக்கும்; கெட்ட வேளையில் உட்குறுக்கையும் உண்டாக்கும். படிவு எப்போது தொடங்கும் என்பதைக் கலத்தின் வெளி முனைகளில் அளக்கும் மின்னழுத்தத்திலிருந்து நேரடியாகக் காண முடியாது. மாதிரிதான் சொல்ல வேண்டும். செதிலைக் கோளமாக நினைத்துக்கொண்டிருக்கும் மாதிரி, இன்னும் இடமிருக்கிறது, செலுத்து என்றுதான் சொல்லும்.

இனி நம் நாட்டு நிலவரம். 2020-இல் பிரித்தானியக் குழு ஒன்று எல்ஜி நிறுவனத்தின் 5 ஆம்பியர்-மணி உருளைக் கலத்தைப் பிரித்து, அடுக்கடுக்காக அளந்து, எதை அளந்தோம், எதை இலக்கியத்திலிருந்து எடுத்தோம் என்று குறித்து வெளியிட்டது. பைபேம் நிரலுக்குள் முதல் ஆசிரியரின் பெயரால் 'சென்2020' என்று உட்கார்ந்திருக்கும் தொகுப்பு அதுதான். அருமையான உழைப்பு. ஆனால் அது அந்த ஒரு கலத்தின் பிறப்புச் சான்றிதழ். நிக்கல் மிகுந்த நேர்மின்முனையும் சிலிக்கான் கலந்த கிராஃபைட்டும் கொண்ட கலம். இந்தியச் சாலைகளில் ஓடும் வாகனங்களைப் பற்றிப் பேசும் எத்தனை ஆய்வேடுகளில் அதே எண்கள் ஒரு புள்ளிகூட மாறாமல் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஊர்ப் பெயர் மட்டும் தலைப்பில் மாறியிருக்கும்.

வெப்பநிலை இங்கே தனிப் பேச்சுக்கு உரியது. வெளியான அளபுருக்களில் பெரும்பகுதி 25 பாகை செல்சியசுச் சூழலில் அளந்தவை. ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19 அன்று 51 பாகை பதிவானது. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அடைபட்ட கலத்தின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். 25-இல் அளந்ததை 45-க்குக் கொண்டுபோக அர்ரீனியஸ் சமன்பாட்டைப் பயன்படுத்துகிறோம். கிளர்வு ஆற்றல் மோலுக்கு 30 கிலோஜூல் என்றால் வேகம் 2.1 மடங்காகும், 60 என்றால் 4.6 மடங்காகும். எது சரி? பெரும்பாலும் அதுவும் கடன் வாங்கிய எண்தான். நன்மை செய்யும் வினைக்கும் தீமை செய்யும் பக்கவினைக்கும் வெவ்வேறு கிளர்வு ஆற்றல்கள் இருப்பதால், இந்த ஒரு எண்ணில் கைவைத்தாலே வெப்பம் மின்கலத்திற்கு நல்லது என்றும் சொல்ல வைக்கலாம், கேடு என்றும் சொல்ல வைக்கலாம்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட்டு மின்கலங்களில் நிலைமை வேறு விதம். விலையும் பாதுகாப்பும் கருதி இந்தியாவில் பலரும் நாடும் வேதியியல் இது. அதன் மின்னழுத்தக் கோடு ஏறத்தாழ 3.4 வோல்ட்டில், பெரும்பகுதி நீளத்திற்கும் திண்ணை போலத் தட்டையாகக் கிடக்கும். தட்டையான கோட்டோடு பொருந்துவதில் என்ன சாதனை இருக்கிறது? சமநிலை மின்னழுத்தம் செறிவோடு மாறாத இடத்தில், துகளுக்குள் நடக்கும் விரவலைப் பற்றி மின்னழுத்தம் எதையும் சொல்வதில்லை. பிசரே குழுவின் கட்டுரையிலும் இந்த எச்சரிக்கை உண்டு. மேலும், இப்பொருள் லித்தியம் நிறைந்த கட்டம், லித்தியம் அற்ற கட்டம் என இரண்டாகப் பிரிந்து வினையாற்றுவது. கோளத்திற்குள் சீராகப் பரவும் லித்தியம் என்னும் படிமம் அதற்குப் பொருந்தாது. 2004-இலேயே வெங்கட் ஸ்ரீனிவாசனும் நியூமனும் அதற்குச் சுருங்கும் உட்கரு மாதிரியை எழுதினார்கள். இருந்தும் எளிய விரவல் மாதிரியையே எடுத்து, குணகத்தை நம்ப முடியாத அளவுக்குக் குறைத்து, கோட்டைப் பொருத்தும் வேலை தொடர்கிறது.

இவ்வளவும் ஏன் இப்போது? 2021-இல் ஒன்றிய அரசு 50 கிகாவாட்-மணி உற்பத்தித் திறனை இலக்காக வைத்து 18,100 கோடி ரூபாயில் மின்கல உற்பத்தி ஊக்கத் திட்டத்தை அறிவித்தது. 2022-இல் மின்சார ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்துத் தீப்பற்றிய பிறகு, ஏஐஎஸ்-156 பாதுகாப்பு விதிகள் திருத்தப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரிலும் அடுத்த மார்ச்சிலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. அத்தீ விபத்துகளுக்கு மாதிரிகள் காரணம் என்று நான் சொல்லவில்லை. இனி இங்கேயே கலங்களை வடிவமைக்கவும், எவ்வளவு வேகத்தில் மின்னூட்டலாம் என்று வரம்பு வகுக்கவும் போகிறவர்கள் நம் ஆய்வேடுகளைத்தான் புரட்டுவார்கள் என்று சொல்கிறேன். நம் மாணவர்களே அத்தொழிற்கூடங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். கையில் இதே பழக்கத்தோடு போகிறார்கள்.

பழக்கம் எங்கிருந்து வருகிறது? சோம்பலிலிருந்து வருவதாக நான் நினைக்கவில்லை. வழியில் கிடக்கும் பரிசுகள் அப்படி. ஒரு கலத்தை மின்னிறக்கி, மந்தவாயு அறைக்குள் பிரித்து, மின்முனைகளைக் கழுவி, நாணயக் கலங்களாக மறுபடி கட்டி, சமநிலை மின்னழுத்தத்தை மிக மெதுவாக அளந்து முடிக்க மாதங்கள் ஆகும். பாதிக் கலங்கள் வேலை செய்யாது. முடிவில் கிடைப்பது ஒரு பக்க அட்டவணை. அதே மாதங்களில் கடன் எண்களைக் கொண்டு மூன்று உருவகப்படுத்தல் கட்டுரைகளை எழுதிவிடலாம். எனக்குத் தெரிந்த ஆய்வு மாணவி ஒருவர் அத்தகைய அட்டவணையைத் தம் ஆய்வேட்டின் தனி அத்தியாயமாக முன்வைத்தபோது, மதிப்பீட்டுக் குழுவில் ஒருவர் "அளப்பதில் என்ன புதுமை இருக்கிறது?" என்று கேட்டார். அந்த அத்தியாயம் பின்னிணைப்பானது. அவர் அளந்த சுற்றுவழி மடங்கு, அக்குழுவினர் தத்தம் மாணவர்களைப் பயன்படுத்தச் சொல்லும் மதிப்பைவிடப் பெரிது என்பதை அங்கே யாரும் பேசவில்லை.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. மின்கல மேலாண்மை அமைப்பில் எஞ்சிய மின்னூட்டத்தைக் கணிக்க இவ்வளவு உண்மை தேவையில்லை என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். அதற்குத் தடையையும் மின்தேக்கியையும் கொண்ட சமானச் சுற்றே போதும். அளபுருவுக்குப் பௌதிகப் பொருள் வேண்டியதில்லை, கோடு பொருந்தினால் சரி. அப்படியானால் அந்த ஆய்வேடு துகளுக்குள் நடப்பதைப் பற்றியும் பத்தாண்டு ஆயுளைப் பற்றியும் பேசக் கூடாது. இரண்டு சலுகைகளையும் ஒரே மாதிரிக்குக் கேட்பதுதான் பிழை. இப்போது இயந்திரக் கற்றலைக் கொண்டு அளபுருக்களைக் கண்டறிகிறோம் என்றொரு வரிசைக் கட்டுரைகள் வருகின்றன. தரவில் இல்லாத செய்தியை எந்த நரம்பு வலையமைப்பும் ஈன்றெடுக்காது. ஆரம் 5-ஆ 10-ஆ என்ற கேள்விக்கு மின்னழுத்தத்தில் விடை இல்லையென்றால் இல்லைதான்.

கருவிகள் இல்லை என்பது இன்னொரு வாதம். அதில் வலி இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் எல்லாவற்றுக்கும் கோடிக்கணக்கில் கருவி வேண்டியதில்லை. தடிமனை நுண்மானியால் அளக்கலாம். பூச்சின் எடை, தடிமன், மூலப்பொருள்களின் அடர்த்தி ஆகியவற்றிலிருந்து நுண்துளைமையைக் கணக்கிடலாம். துகள் ஆரத்திற்கு அலகிடும் எலக்ட்ரான் நுண்ணோக்கி, நாளுக்கு இவ்வளவு என்று கட்டணத்திற்குப் பல பல்கலைக்கழகங்களில் கிடைக்கிறது. ஒரே வகை மின்முனை இரண்டை எதிரெதிரே வைத்து, வினை நிகழாத மின்பகுளியில் மின்மறுப்பை அளந்தால் சுற்றுவழி மடங்கு கிடைத்துவிடும். முப்பதில் ஆறேழு எண்களை இப்படி இறுக்கிக் கட்டினாலே மீதமுள்ள திருகுகள் ஆடும் இடம் பெருமளவு குறையும்.

இந்தியாவுக்கு மின்வேதியியல் புதிதும் அன்று. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து அடித்தளமிட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் எழுபது ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. இந்தப் போலி இருபரிமாண மாதிரியைச் சிறுத்து, வேகமாகத் தீர்க்கும் வழிகளைத் தந்தவர்களில் முதன்மையானவரான வெங்கட் சுப்பிரமணியன் அங்கே இளநிலைப் பட்டம் பெற்றவர்தான். அளக்கத் தெரிந்த கைகளும் தீர்க்கத் தெரிந்த தலைகளும் இந்நாட்டில் இருக்கின்றன. ஒரே ஆய்வேட்டில் இரண்டும் சந்திப்பதுதான் அரிதாக இருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மாதிரியாக்க ஆய்வேடு ஒவ்வொன்றிலும் அளபுரு அட்டவணைக்கு ஒரு நிரல் கூடுதலாக வேண்டும்: அளந்தது, கடன் வாங்கியது, பொருத்திப் பெற்றது. கடன் என்றால் எந்தக் கலத்திலிருந்து, எந்த வெப்பநிலையில், எந்த ஆரத்தைக் கொண்டு பெற்றது என்பதும் வேண்டும். பொருத்தியது என்றால், அதை இருமடங்காக்கினால் கோடு எவ்வளவு நகர்கிறது என்ற ஒரு எண் வேண்டும். நகரவே இல்லையென்றால் அந்த எண்ணை ஆய்வின் கண்டுபிடிப்பு என்று எழுதக் கூடாது. மதிப்பீட்டுக் குழுக்கள் அளவீட்டு அத்தியாயத்தை அத்தியாயமாகவே ஏற்க வேண்டும். இவற்றுக்குப் புதிய நிதி தேவையில்லை. அடுத்த ஆய்வேட்டுக் கூட்டத்திலேயே தொடங்கலாம்.

ஒரு வேண்டுகோள். இந்தியச் சந்தையில் விற்கும் கலங்கள் எதையேனும் திறந்து, துகள் ஆரம், நுண்துளைமை, சுற்றுவழி மடங்கு ஆகியவற்றில் ஒன்றையாவது அளந்தவர்கள் இங்கே எழுதுங்கள். பின்னிணைப்பில் புதைந்திருந்தாலும், வெளியிடாமல் குறிப்பேட்டிலேயே கிடந்தாலும் பரவாயில்லை. வெப்பநிலையையும் அளந்த முறையையும் சேர்த்து எழுதினால் போதும். வருபவற்றை ஒரே அட்டவணையாகத் தொகுத்து, யார் அளந்தது என்ற பெயரோடு, எல்லோரும் எடுத்தாளும்படி இங்கேயே வெளியிடுகிறேன். முதல் வரிசையாக, நான் அளந்த ஒரு இரும்பு பாஸ்பேட்டுக் கலத்தின் எதிர்மின்முனை எண்களை இவ்வார இறுதிக்குள் இடுகிறேன்.